ஆணையும் ஆவணமும்

சிலப்பதிகாரத்தைக் கற்போர் பாண்டியன் நெடுஞ்செழியனின் தவற்றை அவனது அவைக்களத்தில் வைத்து ஆராய்தல் வழக்கம். கண்ணகி வாயிலில் வந்து நின்றதும், சிலம்பு உடைந்ததும், முத்து இருக்குமென எண்ணிய இடத்தில் மாணிக்கம் தெறித்ததும் நம் நெஞ்சை விட்டு நீங்காத காட்சிகள். எனினும், தவறு நிகழ்ந்த இடம் அவைக்களம் அன்று. ஊடிய தேவியைத் தேற்றும் பொருட்டு மன்னன் அவள் கோயில் நோக்கிச் சென்ற வழியிலேயே அது நிகழ்ந்து முடிந்தது. பொற்கொல்லன் எதிர்ப்பட்டான்; கள்வன் தன் குடிலில் இருக்கின்றான் என்றான். மன்னன் ஆராய்ந்திலன், அமைச்சரை அழைத்திலன், ஊர்க்காவலரை விளித்து வாய்மொழியால் ஓர் ஆணை இட்டுவிட்டுத் தன் வழியே போயினான்.

அவ்வாணையின் பொருள் யாதென்று பிற்காலத்தார் பலபட ஆராய்ந்துள்ளனர். ஆராய வேண்டி நேர்ந்ததே அவ்வாணையின் குறைக்குச் சான்று. கோவலனைக் கண்ட காவலர், இவன் கள்வன் போலத் தோன்றவில்லை என்று தயங்கினர். அவர்தம் ஐயத்தைத் தீர்க்கவல்ல எழுத்து ஒன்றும் அவர்கள் கையில் இல்லை. இருந்தது பொற்கொல்லனின் நாவன்மை ஒன்றே. விரைவு, தனிமை, பதிவின்மை ஆகிய மூன்றும் கூடிய இடத்தில் அறம் இடறியது. அவ்விடத்து நின்று நோக்கினால், நம் காலத்து ஆட்சிமுறையில் புகுந்துள்ள ஒரு வழக்கத்தின் இயல்பும் தெளிவாகும்.

இன்று அமைச்சின் செயலாளர் முதல் கிராம உத்தியோகத்தர் வரை அரச கடமையாற்றுவோர் பலரும் கைத்தொலைபேசியில் வாட்ஸ்அப், வைபர் முதலிய செயலிகளின் வழியே தம்முட் செய்தி பரிமாறுகின்றனர். கூட்ட அழைப்பும் வெள்ள நிவாரணக் கணக்கும் அவ்வழியே செல்வதில் குற்றம் யாதுமில்லை. ஆயின், செய்தி சென்ற வழியே நாளடைவில் அனுமதியும் மறுப்பும் கட்டளையும் செல்லத் தொடங்கின. குறித்த காலம் கழிந்ததும் செய்தி தானாகவே அழிந்துபோகும் வசதியும் அச்செயலிகளில் உண்டு. ஆதலின் ஒரு வினா எழுகின்றது: பொதுக் கடமையில் உள்ளவர் தம் சொந்தக் கருவியில் எழுதும் எழுத்து யாருக்கு உரியது? அது பொதுமக்களுக்கே உரியது என்பதும், கருவியைப் பயன்படுத்துவதில் அன்று, எழுதியதைக் கோவையிற் சேர்க்காது விடுவதிலேயே குற்றம் உளது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முற்காலத் தமிழர் இவ்வினாவை அறியாதவர் அல்லர். சோழர் ஆட்சியில் அரசன் வாய்மொழியாக இட்ட ஆணைக்குத் ‘திருவாய்க்கேள்வி’ என்று பெயர். ஆயின், அரசன் சொல்லிவிட்டான் என்பதனால் மட்டும் அது நடைமுறைக்கு வந்துவிடவில்லை. திருமந்திர ஓலை என்னும் அலுவலன் அதனை எழுதினான். திருமந்திர ஓலை நாயகம் என்போர் அதனை ஒப்புநோக்கிச் சான்றளித்தனர். புரவுவரித் திணைக்களத்தார் வரிப்பொத்தகத்திற் பதிந்தனர். அப்பதிவுக்கு ‘வரியிலிடுதல்’ என்று பெயர். ஒவ்வொரு படியிலும் நின்றோரின் பெயர்கள் குறிக்கப்பட்டன. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தைக் கொடுத்த செய்தி கூறும் லெய்டன் செப்பேடுகளை நோக்குவார், ஓர் ஆணை எத்தனை கைகளைக் கடந்து செம்பில் ஏறியது என்பதைக் காண்பர். நாயகங்களும் திணைக்களத்தாரும் அரசனை ஐயுற்று அமைக்கப்பட்டவர் அல்லர். ஆணை அரசனின் வாயிற் பிறந்தாலும் நாட்டின் நினைவிலே வாழவேண்டும் என்னும் கருத்தே அம்முறையைத் தோற்றுவித்தது.

உத்தரமேரூர்க் கல்வெட்டு இதனினும் ஒரு படி மேற்செல்கின்றது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919ஆம், 921ஆம் ஆண்டுகளில் எழுந்த அச்சாசனங்கள் குடவோலை முறையை விரித்துரைப்பன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது விட்டவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்துக்குத் தெரிவு செய்யப்படத் தகுதியற்றோர் என அவை விதித்தன. களவு செய்தான் என்று நிறுவவேண்டியதில்லை; கணக்குக் காட்டாமையே குற்றம். பொறுப்புக்கூறல் என்று இன்று நாம் வழங்கும் சொல்லின் முழுப்பொருளும் இவ்விதியில் அடங்கியுள்ளது எனலாம்.

நம் யாழ்ப்பாணத்தின் வரலாறும் எழுத்தின் அருமையை உணர்த்துவதே. ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகள் காணிக்கும் குடிக்கும் கணக்கு வைத்தன. கிளாஸ் ஐசாக் என்பார் திரட்டிய தேசவழமை, பன்னிரு முதலிமாரால் ஆராயப்பட்டு 1707இல் சட்டமாயிற்று. வாய்வழி வந்த வழக்கம் எழுத்தானமையாலேயே அதனை இன்றும் நீதிமன்றில் எடுத்துக்காட்ட முடிகின்றது. ஆங்கிலேயர் காலத்தில் மாவட்ட நிருவாகிகள் நாள்தோறும் குறிப்பேடு எழுதிக் கொழும்புக்கு அனுப்புதல் விதியாயிருந்தது. 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய லெனாட் வூல்ஃப், பின்னர் அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது எழுதிய அத்தகைய குறிப்பேடுகள் 1960களின் தொடக்கத்தில் அச்சேறின. அவர் செய்த நன்மையையும் காட்டிய கடுமையையும் அவர் கையெழுத்தைக் கொண்டே நாம் இன்று மதிப்பிடுகின்றோம். அந்நிய ஆட்சி மக்களுக்குக் கணக்குக் காட்டியது என்று சொல்வதற்கில்லை. அது தன் மேலிடத்துக்கே கணக்குக் காட்டியது. எனினும் எழுத்து எஞ்சியது. எஞ்சிய எழுத்து பிற்காலத்தில் மக்களுடையதாயிற்று.

எழுத்து அழிந்தால் நேர்வதையும் இம்மண் அறியும். 1981இல் எரியுண்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. 1995இல் வலிகாமத்தை விட்டுப் பெயர்ந்தபோது காணி உறுதியை உடுபுடவையோடு பொதிந்து சுமந்து சென்ற குடும்பங்கள் பல. அதனைத் தொலைத்துவிட்டுப் பின்னர் கச்சேரிப் படிகளில் ஆண்டுக்கணக்காக நின்றோரும் பலர்.

அண்மைய நிகழ்ச்சி ஒன்றையும் இங்குக் கருதுதல் தகும். 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானியில், வடமாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணி பற்றிய அறிவித்தல் ஒன்று வெளிவந்தது. மூன்று மாதத்துள் உரிமை நாட்டப்படாதவை அரச காணியாகும் என்பது அதன் கருத்து. மக்கள் அஞ்சினர், எதிர்த்தனர், உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அரசாங்கம் அறிவித்தலை மீளப்பெற்றது. அறிவித்தலின் நன்மை தீமை ஒருபுறம் இருக்க, அது திகதியோடும் எண்ணோடும் பகிரங்கமாக எழுதப்பட்டமையாலன்றோ அதனை எதிர்க்க முடிந்தது? அதே எண்ணம் சில உத்தியோகத்தரின் கைத்தொலைபேசிகளுக்குள் ஒரு கட்டளையாக மட்டும் உலாவியிருப்பின், எதனைக் காட்டி வழக்குரைப்பது?

உயிரோடு தொடர்புடைய சான்றும் உண்டு. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று நிகழ்ந்த தாக்குதல்களில் 260க்கு மேற்பட்டோர் மாண்டனர். எச்சரிக்கை முன்னரே வந்திருந்தது. ஏப்ரல் 4ஆம் திகதி அரச புலனாய்வுச் சேவைக்கு வெளிநாட்டுத் தகவல் கிட்டியது. 9ஆம் திகதி தேசிய புலனாய்வுத் தலைவர் பொலிஸ் மா அதிபருக்குக் கடிதம் எழுதினார். 11ஆம் திகதி பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருவர் பாதுகாப்புப் பிரிவுகளுக்கு அறிவுறுத்தல் அனுப்பினார். பின்னர் நடந்த விசாரணைகளில் தொலைபேசி உரையாடல்களும் வாட்ஸ்அப் செய்திகளும் பேசப்பட்டன. யார், எப்போது, எதனை அறிந்திருந்தார் என்னும் வினாவுக்குத் திகதியிட்ட எழுத்துக்கள் உறுதியான விடை அளித்தன. 2023 சனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம், முன்னாள் சனாதிபதி உட்பட ஐவர் மொத்தம் 310 மில்லியன் ரூபா நட்டஈடு செலுத்தவேண்டும் என்று தீர்த்தது. எழுத்து உயிர்களைக் காக்கவில்லை. ஆயின், பொறுப்பிலிருந்து ஒருவரும் நழுவாது காத்தது.

இக்குறை நமக்கே உரியதன்று. பெருந்தொற்றுக் காலத்துச் செயல்களை ஆராய அமைந்த பிரித்தானிய விசாரணைக் குழு, முன்னாள் பிரதமர் பொரிஸ் ஜோன்சனின் வாட்ஸ்அப் செய்திகளை முழுமையாகக் கேட்டபோது அமைச்சரவை அலுவலகம் மறுத்து வழக்காடியது. 2023 ஜூலையில் தோற்றது. ஸ்கொத்லாந்தின் முன்னாள் முதலமைச்சர் நிக்கொலா ஸ்டேர்ஜன், தம் செய்திகளை அழித்துவிட்டதாக 2024 சனவரியில் அதே விசாரணையில் ஒப்புக்கொண்டார். ஐரோப்பிய ஆணைக்குழுவின் தலைவி தடுப்பூசி நிறுவனத் தலைவர் ஒருவருக்கு அனுப்பிய குறுஞ்செய்திகளைத் தர மறுத்தமைக்கு ஆணைக்குழு தக்க விளக்கம் அளிக்கவில்லை என ஐரோப்பியப் பொது நீதிமன்றம் 2025 மே 14ஆம் திகதி தீர்ப்பளித்தது. 2025 மார்ச்சில் ஐக்கிய அமெரிக்காவின் உயர்பதவியாளர் யேமன் மீதான தாக்குதலைப் பற்றி சிக்னல் செயலியில் உரையாடினர். அவற்றுட் சில செய்திகள் தாமாக அழியுமாறு வைக்கப்பட்டிருந்தன. பத்திரிகையாசிரியர் ஒருவர் தவறுதலாக அக்குழுவிற் சேர்க்கப்பட்டமையாலேயே உலகம் அதனை அறிந்தது. ஒரு நாட்டு மக்கள் தம் ஆட்சியாளரின் செயலை அறிவது ஒரு கைத்தவற்றின் பயனாக இருத்தல் தகுமா?

இனி, இவ்வழக்கத்தை ஆதரிப்போர் கூறும் நியாயங்களை நோக்குவோம். அவை புறக்கணிக்கத்தக்கன அல்ல. புயலும் வெள்ளமும் வரும்போது கடிதம் எழுதி முத்திரையிட்டுக் காத்திருத்தல் இயலாது என்பர். அது மெய்யே. ஆயின், ஆபத்தில் விரைந்து கட்டளையிட்டவர், ஆபத்து நீங்கியபின் அதனைக் கோவையில் இடுவதற்குத் தடை யாது? மந்திராலோசனை மறைவாய் நிகழ்ந்தாலன்றி எவரும் மனம் திறந்து பேசார் என்பர். அதற்கும் சட்டமே இடம் வகுத்துள்ளது. வெளியிடத் தகாதன இவையென விலக்குகள் உள. மறைத்து வைத்தல் வேறு, அழித்துவிடுதல் வேறு. மறைத்ததை நீதிமன்றம் ஒருநாள் திறக்கலாம். அழித்ததை எவரும் திறத்தல் இயலாது.

மூன்றாவது நியாயமே வலியது. முன்னாளிலும் உத்தியோகத்தர் நடைசாலையில் நின்று பேசினர். அப்பேச்சை எவரும் பதியவில்லை. இன்று அப்பேச்சே செயலிக்கு மாறியிருக்கின்றது. இதில் புதுமை யாது என்பர். புதுமை உண்டு. நடைசாலைப் பேச்சினால் மட்டும் அலுவலகம் இயங்கியதில்லை. அப்பேச்சு ஓலையாகவோ கடிதமாகவோ மாறும்வரை இலிகிதர் பேனாவை எடுத்திலர். இன்றைய செய்தியோ எழுத்தைப் போலவே கட்டளையைத் தொலைவுக்குக் கொண்டுசெல்கின்றது. பலர் அதன்படி செயலாற்றுகின்றனர். வினவும்போது மட்டும் அது வெறும் பேச்சு என்று கூறப்படுகின்றது. எழுத்தின் வலிமையையும் பேச்சின் பொறுப்பின்மையையும் ஒருங்கே அனுபவிக்க விழைவது முறையன்று.

இதனால் இடர்ப்படுவோர் பொதுமக்கள் மட்டுமல்லர். கீழ்நிலை உத்தியோகத்தரும் ஆவர். மேலதிகாரியின் செய்தியை நம்பி நிவாரணப் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்த்தவரோ நீக்கியவரோ, கணக்காய்வாளர் வந்து யாருடைய கட்டளை என்று கேட்கும்போது, அழிந்துபோன திரையைக் காட்டி நிற்பர். அன்று கோவலன் முன் தயங்கி நின்ற காவலரின் நிலையும் இதுவே. எழுதப்பட்ட ஆணை ஏவியவரைக் கட்டுவதோடு, ஏவப்பட்டவருக்கு அரணாகவும் அமைகின்றது.

நம் நாட்டுச் சட்டம் இவ்வகையில் வறிதன்று. 2015இல் நிறைவேறிய பத்தொன்பதாம் திருத்தம் தகவல் அறியும் உரிமையை அடிப்படை உரிமையாக்கிற்று. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. தகவல் என்பதற்கு அது தரும் வரைவிலக்கணத்தில் மின்னஞ்சலும் கணினிப் பதிவும் அடங்கும். வடிவம் எதுவாயினும் தகவலே. புதிதாக உருவாகும் பதிவேடுகளைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குக் குறையாது பேணல் வேண்டும் என்றும் அது விதிக்கின்றது. ஆயின் பொது அதிகாரசபையின் உடைமையிலோ பொறுப்பிலோ கட்டுப்பாட்டிலோ உள்ள தகவலையே குடிமகன் கேட்கலாம். உத்தியோகத்தரின் சட்டைப்பையிலுள்ள தொலைபேசி யாருடைய கட்டுப்பாட்டில் உளது? முடிச்சு இவ்விடத்திலேயே விழுகின்றது. கடமை பற்றிய செய்தி எக்கருவியில் எழுதப்படினும் அது அலுவலகத்துக்கே உரியது என்று ஐயத்துக்கு இடமின்றி வகுத்தாலன்றி, பன்னிரண்டு ஆண்டு விதி ஏழுநாளில் அழியும் செய்தியின் முன் பொருளிழந்துபோகும்.

செயலிகளைத் தடை செய்தலே மருந்து என்பார்க்கும் நாம் உடன்படோம். தடை செய்யின் வழக்கம் ஒளிந்து வாழும். வேண்டுவது ஓர் எளிய ஒழுக்கம்: செய்தி எவ்வழியே வரினும், அது ஆணையாகும் கணத்தில் திகதியும் பெயரும் காரணமும் தாங்கிக் கோவைக்கு வரல் வேண்டும்; கடமை பற்றிய உரையாடலில் தானாக அழியும் ஏற்பாட்டை நீக்கல் வேண்டும்; இடமாற்றம் பெறுபவர் திறவுகோலை ஒப்படைப்பது போன்று செய்திகளையும் ஒப்படைத்தல் வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓலையில் இயன்றது இன்று இயலாது என்பது பொருந்தாது.

இக்கல்லூரி மண்டபங்களிற் கற்கும் மாணவருட் பலர் நாளை கச்சேரியிலும் பிரதேச செயலகத்திலும் திணைக்களங்களிலும் அமரப்போகின்றவர்கள். அப்போது அவர்தம் கையில் இன்றுள்ளதினும் விரைவான கருவிகள் இருக்கும். விரைவு பெருகுந்தோறும், வழியில் நின்று ஆணையிட்ட பாண்டியனை அவர்கள் நினைத்தல் நன்று. கண்ணகிக்கு நீதி கிடைத்தது அவள் கற்பின் திறத்தால் மட்டும் அன்று. இணைச் சிலம்பு ஒன்று அவள் கையில் எஞ்சியிருந்தமையாலும் ஆகும். அதனைக் கண்ட பின்னரே மன்னன் தன் தவற்றை உணர்ந்தான். வழக்குரைக்க வரும் குடிமகனுக்கு அந்த இணைச் சிலம்பு கோவையில் உள்ள எழுத்தே. அதனை அவன் கையிலிருந்து பறியாதிருத்தல் ஆட்சியில் அமர்வோரின் முதற்கடன்.