குரலும் மெய்ப்பாடும்

உள்ளத்துணர்வு மெய்யின்கண் புலப்படுதல் மெய்ப்பாடு. தொல்காப்பியர் அதனை நகை முதலாக எட்டென வகுத்தார். மெய்யின்றி எழும் குரற்கு மெய்ப்பாடு உண்டோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

2024-இல் வெளிவந்த ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிறி எழுடா’ என்னும் பாடலில், 1997-இல் மறைந்த சாகுல் ஹமீது, 2022-இல் மறைந்த பம்பா பாக்யா ஆகியோர் குரல்களைச் செயற்கை நுண்ணறிவின் துணையால் ஏ. ஆர். ரகுமான் மீண்டும் ஒலிப்பித்தார். குடும்பத்தாரின் இசைவு பெற்று ஊதியமும் அளித்ததாக அவர் தெரிவித்தார். அது போற்றற்குரிய நெறியே.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சுகின்றது. குரல் உரிமைப்பொருளாக வழித்தோன்றலைச் சேரலாம். இப்பாட்டைப் பாடுவேன், பாடேன் எனத் தேரும் உள்ளம் அவ்வாறு கைமாறுவதன்று. கேட்போர்பால் மெய்ப்பாடு தோன்றலாம். பாடினார்பால் தோன்றிற்றெனல் பொருந்தாது. மறுக்க வல்லார் இசைந்து பாடுதலே கலைமெய்ம்மை. ஆதலின், கலைஞர் தம் விருப்பத்தை வாழுங்காலத்தே எழுதிவைத்தல் நன்றென்க.