குத்து திரும்பும் வேகத்தைப் பாருங்கள்

கம்பத்திலோ சின்னமனூரிலோ பள்ளி மைதானத்தில் கராத்தே வகுப்பு நடந்தால், வேடிக்கை பார்ப்பவர்களின் கண் உதையின் உயரத்துக்குத்தான் போகும். ஜப்பானின் ஒகினாவாத் தீவைச் சேர்ந்த இஷின்ரியூ பாணியை அப்படிப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. அதில் உதை பெரும்பாலும் இடுப்புக்குக் கீழேதான்.

தமிழ்நாட்டில் இந்தப் பாணி என்றதும் நினைவுக்கு வருபவர் மதுரைக்காரரான ஷிஹான் ஹுசைனி. 1986-ல் வந்த 'புன்னகை மன்னன்' படத்தில் பார்த்திருப்பீர்கள். 2025 மார்ச்சில் மறைந்தார். பாணியை உருவாக்கியவர் ஒகினாவாவின் தத்சுவோ ஷிமாபுகு. கியான், மியாகி, மோடோபு என்ற மூன்று பெரிய ஆசான்களிடம் கற்றவர். ஷோரின்ரியூ, கோஜுரியூ என்ற இரு பாணிகளிலிருந்தும் தனக்குச் சரியென்று பட்டதை எடுத்து, 1956-ல் தன் பாணிக்குப் பெயர் சூட்டினார். வீண் அசைவைக் குறைத்து, சண்டைக்கு உதவுவதை மட்டும் வைத்துக்கொள்வதே அவர் நோக்கம். ஒகினாவா முகாமிலிருந்த அமெரிக்க மரைன் படை வீரர்கள் அவரிடம் கற்று, ஊர் திரும்பியபோது பாணியையும் கொண்டுபோனார்கள்.

முதலில் முஷ்டியைப் பாருங்கள். மற்ற பல பாணிகளில் குத்தும்போது கை திருகி, புறங்கை மேலே வரும். இங்கே முஷ்டி செங்குத்தாகவே போகும். கட்டைவிரல் மேலே அமர்ந்து மணிக்கட்டை மடங்காமல் காக்கும். முழங்கை முழுக்க நீளாது. பட்டதும் கை சட்டென்று திரும்பிவிடும். போன வேகத்தைவிட அந்தத் திரும்பும் வேகத்தில்தான் ஆளின் தேர்ச்சி தெரியும் என்பேன். தடுக்கும்போதும் முன்கை எலும்பைக் கொடுக்காமல் தசையைக் கொடுக்கிறார்களா என்று கவனியுங்கள். கால் அகல விரியாது, நடக்கிற நிலைக்குப் பக்கத்திலேயே நிற்கும்.

அடுத்து, இந்தப் பாணியில் பயிலும் கம்பு. நம் பக்கத்துத் திருவிழாக்களில் சிலம்பம் பார்த்த கண்ணுக்கு இது எளிது. சிலம்பத்தில் கம்பு மணிக்கட்டில் ஓயாமல் சுழலும், வீச்சு ஒன்றோடொன்று கலக்கும். 'போ' என்ற ஒகினாவாக் கம்பும் ஏறக்குறைய ஆறடிதான். ஆனால் இரு கையாலும் இறுக்கிப் பிடித்து, ஒவ்வோர் அடியையும் முடித்து நிறுத்துவார்கள். சுழற்சியைத் தேடாதீர்கள், நிற்கும் இடத்தைத் தேடுங்கள்.

உங்கள் ஊர் மாஸ்டருக்கு நைஹாஞ்சி என்ற கட்டா (வகுத்துவைத்த அசைவுத் தொடர்) தெரிந்தால் செய்துகாட்டச் சொல்லுங்கள். முழுக்கப் பக்கவாட்டிலேயே நகரும் கட்டா அது. நேர் எதிரே நின்று, தலை ஏறி இறங்காமல் போகிறதா என்று பாருங்கள்.