காணச் சென்றோர் காட்சியாதல்

2025 ஜனவரி 25, 26 ஆகிய இரு நாள்களில் அகமதாபாத் நரேந்திர மோடி விளையாட்டரங்கில் கோல்ட்பிளே என்னும் ஆங்கிலேய ராக் இசைக்குழு பாடியது. ஒவ்வோர் இரவும் ஒரு லட்சம் பேருக்கு மேல் திரண்டனர். இணையராய்ச் சென்றோர் பலர். மணிக்கட்டில் அணிந்த ஒளிப்பட்டைகள் இசைக்கேற்ப ஒருசேர நிறம் மாறின. இரசிகரையும் கலையின் உறுப்பாக்கும் இவ்வுத்தி பாராட்டுக்குரியதே.

ஆயினும், பட்டையை விரும்பி அணிகின்றனர். திரையோ தேடிப் பிடிக்கிறது. கூட்டத்தில் சிலரைப் பெருந்திரையில் காட்டி, அவர்களைப் பற்றி அங்கேயே பாட்டுக் கட்டுவது இக்குழுவின் வழக்கம். 2025 ஜூலை 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் அருகே, அணைத்து நின்ற இருவர் அவ்வாறு திரையில் தோன்றி, முகம் மறைத்து ஒதுங்கினர். சில நாள்களில் உலகமே அவர்களை நகைத்தது. அடுத்த நிகழ்ச்சியில் பாடகர் கிறிஸ் மார்ட்டின் முன்னரே எச்சரித்துவிட்டுத் திரையில் காட்டினார். நன்று, ஆனால் அறிவிப்பு வேறு, இசைவு வேறு.

நம் சேலம், நாமக்கல் பகுதித் தெருக்கூத்திலும் கோமாளி பார்வையாளரைக் கேலி செய்வதுண்டு. ஆனால் கேலிக்குள்ளானவரின் முழு வாழ்வையும் ஊர் அறியும். விடிந்தால் அவரோடுதான் வயலில் இறங்க வேண்டும். அந்த உறவே கேலிக்கு வரம்பு. பெருந்திரை அறிந்ததோ ஒரு கணம் மட்டுமே. அவ்விருவர் செயல் சரியா, தவறா என்பது வேறு வினா. ஒரு கணத்தைக் கொண்டு மனிதரைத் தீர்ப்பிடும் வாய்ப்பை அந்நியர் கோடிப் பேருக்கு அளிப்பது கலையின் உரிமையன்று என்பதே நம் துணிபு.