உப்பளத்துச் சோடியமும் உலைச் சோடியமும்

ஹைட்ரஜனில் தொடங்கிக் கால்சியம் வரை இருபது தனிமங்கள், அவற்றின் அணு எண், எலக்ட்ரான் பகிர்வு. ஒன்பதாம் வகுப்பு வேதியியல் இப்படித்தான் வாயில் ஏறுகிறது. மனப்பாடம் என்றாலே முகம் சுளிப்பவர்களோடு நான் சேரமாட்டேன். வாய்ப்பாடு தெரியாதவனுக்குப் பெருக்கல் எப்படியோ, இந்த இருபதும் தெரியாதவனுக்கு இணைதிறனும் சமன்பாடும் அப்படி. சோடியம் 2, 8, 1 என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லும் பிள்ளைக்கு, அது ஒன்றை இழக்கும், குளோரின் ஒன்றை ஏற்கும் என்பது பாதி விளங்கியாயிற்று.

சிக்கல் பத்தொன்பதாம் தனிமத்தில் வருகிறது. மூன்றாம் கூட்டில் 18 எலக்ட்ரான்கள் வரை அடங்கும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, பொட்டாசியத்துக்கு 2, 8, 8, 1 என்று எழுதச் சொல்கிறோம். இடம் இருந்தும் அந்த ஒன்று ஏன் நான்காம் கூட்டுக்குப் போனது? அங்கேதான் அதன் ஆற்றல் குறைவு. விவரம் பதினொன்றாம் வகுப்பில் வரும். வகுப்பில் இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். சொல்லாதபோது, கேள்வி கேட்ட பிள்ளைதான் தப்பு செய்ததுபோல் ஆகிவிடுகிறது.

தனிம வரிசை அட்டவணையின் கதி இன்னும் மோசம். மெண்டலீவ் 1869-இல் தனிமங்களை அணு நிறைப்படி வரிசைப்படுத்தியபோது, இன்னும் கண்டுபிடிக்கப்படாதவற்றுக்கு இடம் விட்டுவைத்தார். 1875-இல் காலியமும் 1886-இல் ஜெர்மானியமும் வந்து அங்கே உட்கார்ந்தன. நிறை அதிகமாக இருந்தும் டெலுரியத்தை அயோடினுக்கு முன்னே வைத்தார். அது சரியே என்பதற்கான காரணம், 1913-இல் மோஸ்லி அணு எண்ணுக்கு அடிப்படை கண்டபோதுதான் கிடைத்தது. துப்பறியும் கதைக்கு நிகரான இந்த வரலாறு நம் தேர்வில் ‘நிறைகள், குறைகள்’ என்ற வினாவாகச் சுருங்கிவிட்டது. திறனாய்வையே உருப்போட வைத்த பெருமை நமக்கு உண்டு.

செங்கல்பட்டுக் கடற்கரைப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் கண்ணெதிரே கிடக்கிறது. கோவளம் உப்பளத்தில் விளைவது எலக்ட்ரானை இழந்த சோடியம்: 2, 8. கறிக்குப் போடுகிறோம். மாமல்லபுரம் தாண்டிக் கல்பாக்கம் போனால், 500 மெகாவாட் அதிவேக ஈனுலைக்கு வெப்பம் கடத்தும் பொருள் உருகிய சோடிய உலோகம்: 2, 8, 1. தண்ணீர் பட்டால் ஹைட்ரஜனை வெளியேற்றித் தீப்பிடிக்கும். 98 டிகிரியில் உருகி 883 டிகிரியில்தான் கொதிக்கும் என்பதாலும், நியூட்ரான்களின் வேகத்தை அதிகம் குறைக்காது என்பதாலும் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டுக்கும் இடையே உள்ளது ஒரே ஒரு எலக்ட்ரான்.

அருகிலேயே உள்ள சென்னை அணுமின் நிலையத்தின் கனநீருக்கு இந்த விளக்கம் உதவாது. அதிலுள்ள டியூட்டீரியத்துக்கும் சாதாரண ஹைட்ரஜனைப்போல் எலக்ட்ரான் ஒன்றுதான். வேறுபாடு கருவிலுள்ள நியூட்ரானில் இருக்கிறது. எலக்ட்ரான் கூடுகளை வட்டம் வட்டமாக வரைந்து பழகிய கை, கருவுக்கு ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போய்விடுகிறது. வட்டப்படத்தின் பெரிய குறை இதுதான் என்பேன்.

அதற்காக, உள்ளூர் உதாரணம் காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதையும் நான் ஏற்கவில்லை. 2, 8, 1 மனத்தில் இல்லாதவனுக்கு உலைக் கட்டடம் வெறும் வேடிக்கை.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. 2023-இல் வந்த என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பு நூலில் தனிம வரிசை அட்டவணைப் பாடம் இல்லை, பதினொன்றில்தான் வருகிறது. கல்பாக்கம் நகரியத்து அணுசக்தி மத்தியப் பள்ளிகள் சிபிஎஸ்இ வழியைச் சேர்ந்தவை. அங்கே பத்தாம் வகுப்பில் விடுபட்ட பாடம், பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்தில் மாநிலப் பாடநூல் படிக்கும் பிள்ளையிடம் இருக்கிறது. மேல்நிலையில் வணிகவியல் எடுக்கப்போகிறவருக்கு அதுவே கடைசிச் சந்திப்பு. அவரிடம் மெண்டலீவின் குறைகளைப் பட்டியலிடச் சொல்வதைவிட, ஆர்கானின் நிறை 39.95, பொட்டாசியத்தின் நிறை 39.10 என்று கொடுத்து, ஆர்கான் ஏன் முன்னே நிற்கிறது என்று கேட்கலாம்.