ஒரே சாட்சி

கோஸ்டா ரிகாவின் குவானகாஸ்டே காட்டுப் பகுதியில் கம்பளிப்புழுக்களை வளர்த்தும் பொறி வைத்தும் பெற்ற ஒட்டுண்ணிக் குளவிகளில் 403 புதிய சிற்றினங்களை 2021இல் ஒரே கட்டுரையில் அறிவித்தார்கள். 'சூகீஸ்' இதழில் வந்த கட்டுரை அது. பிராகோனிடே என்னும் ஒரே குடும்பம், பதினோரு துணைக் குடும்பங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், பக்கவாட்டில் எடுத்த படம், டி.என்.ஏ. பார்கோடு என்கிற எழுத்துவரிசை, பலவற்றுக்கு எந்தப் புழுவிலிருந்து வந்தது என்ற குறிப்பும். காலின் நிறம் என்ன, இறக்கை நரம்பு எங்கே பிரிகிறது, பக்கத்து இனத்திலிருந்து இதை எது வேறுபடுத்துகிறது என்று பெரும்பாலானவற்றுக்கு ஒரு வாக்கியம்கூட இல்லை. கண்டனம் எழுந்தது. அதற்குச் சொல்லப்பட்ட பதில்தான் என்னை இதை எழுத வைக்கிறது. காடு போய்க்கொண்டிருக்கிறது, பூச்சிகள் போய்க்கொண்டிருக்கின்றன, பெயரில்லாமல் கிடப்பவை பல லட்சம், ஒவ்வொன்றையும் உட்கார்ந்து வருணிக்க நேரமில்லை என்பதே அந்தப் பதில். நம் ஊர்க் கல்லூரிக் கருத்தரங்குகளிலும் இப்போது இதே பேச்சைக் கேட்கிறேன். அரங்கில் எல்லாரும் தலையசைக்கிறார்கள். என்னால் முடியவில்லை.

மரபணு ஆய்வு உயிர்மரத்தை மாற்றி எழுதியது என்பதில் எனக்குத் தகராறு கிடையாது. திமிங்கிலத்துக்கு நெருங்கிய உறவு நீர்யானை என்பதும், யானையும் பொன் அகழெலியும் ஒரே ஆப்பிரிக்கக் கிளையில் வந்தவை என்பதும், காளான் செடியைவிட நமக்கே நெருக்கமானது என்பதும் மரபணு உறுதியாகக் காட்டிய உண்மைகள். 1977இல் கார்ல் ஊசும் ஜார்ஜ் ஃபாக்சும் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டு, பாக்டீரியா என்று நாம் நினைத்திருந்த கூட்டத்துக்குள் ஆர்க்கியா என்ற தனி வம்சத்தைப் பிரித்துக் காட்டினார்கள். அவர்களும் ஒரே மூலக்கூறைத்தானே நம்பினார்கள் என்று கேட்கலாம். சரியான கேள்வி. ஆனால் ஆர்க்கியாக்களின் செல்சுவரில் பாக்டீரியாவுக்குரிய பெப்டிடோகிளைக்கான் இல்லை, சவ்வின் கொழுப்பும் வேறு வகைப் பிணைப்பு கொண்டது என்பதும் கூடவே தெரிந்தது. மூலக்கூறு சொன்னதைச் செல்சுவர் வந்து உறுதி செய்தது. இந்த இரண்டாவது சாட்சிதான் என் கட்டுரைப் பொருள்.

2003இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹேபர்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் முன்வைத்த யோசனை எளிமையானது. மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சி.ஓ.ஐ. என்ற மரபணுவின் ஒரு துண்டு, 658 எழுத்து நீளம். விலங்குகளில் இந்தத் துண்டைப் படித்தால் சிற்றினத்தை அடையாளம் காணலாம். ஏற்கெனவே அறிந்த இனத்தை மீண்டும் கண்டுபிடிப்பதற்கு இதைவிட வசதியான கருவி இல்லை. தோலுரித்து விற்கும் மீன் எது, சுங்கச் சோதனையில் பிடிபட்ட சுறாத்துடுப்பு எந்தச் சுறாவுடையது, இந்தப் புழு வளர்ந்தால் எந்தப் பூச்சி ஆகும் போன்ற கேள்விகளுக்குப் பார்கோடு நல்ல விடை தருகிறது. அதே துண்டைக் கொண்டு, இதுவரை யாரும் அறியாத இனங்களுக்கிடையே எல்லைக்கோடு போடத் தொடங்கியபோதுதான் கருவி தன் வேலையைத் தாண்டிப் போனது. தெரிந்தவரை அடையாளம் காட்டுவது வேறு, தெரியாதவர்களுக்குச் சொத்துப் பிரித்துக் கொடுப்பது வேறு.

பார்கோடின் முதல் பெரிய வெற்றியாகச் சொல்லப்படுவது 2004இல் வந்த அஸ்ட்ராப்டஸ் ஃபுல்ஜரேட்டர் ஆய்வு. ஒரே வண்ணத்துப்பூச்சி என்று எண்ணியிருந்ததில் பத்து இனங்கள் இருப்பதாக அறிவித்தார்கள். அந்தக் கட்டுரையைப் பொறுமையாகப் படித்தால் வேறொன்று புலப்படும். டேனியல் ஜான்சனும் வினி ஹால்வாக்சும் உள்ளூர் உதவியாளர்களும் அதே குவானகாஸ்டேயில் பல ஆண்டுகளாக இந்தப் புழுக்களை இலை இலையாகப் பொறுக்கி வளர்த்திருந்தார்கள். வெவ்வேறு செடியைத் தின்னும் புழுக்கள் வெவ்வேறு கோலத்தில் இருப்பதை அவர்கள் கண்டிருந்தார்கள். பூச்சியாகி வந்தபின் ஒன்றுபோல் தெரிந்தவை, புழுவாக இருக்கும்போதே தம்மை வேறு வேறு என்று காட்டியிருந்தன. பார்கோடு அந்தச் சந்தேகத்துக்கு வலு சேர்த்தது. அப்படியிருந்தும் ஆண்ட்ரூ பிரவர் 2006இல் அதே தரவை மறுபடி அலசி, மூன்றுக்குக் குறையாது, ஏழுக்கு மேல் போகாது என்று எழுதினார். புழுவும் செடியும் சாட்சி சொல்லிய இடத்திலேயே எண்ணிக்கை இப்படி ஆடுகிறது. அந்தச் சாட்சிகளை ஒதுக்கிவிட்டால் என்ன மிஞ்சும்?

மைட்டோகாண்ட்ரியா தாய்வழியில் மட்டும் இறங்குவது. ஒரு குடும்பத்தின் கதையைத் தாய், பாட்டி, பூட்டி என்ற ஒரே வரிசையில் மட்டும் கேட்டால் எவ்வளவு தெரியுமோ, ஓர் உயிரினத்தின் கதை அதில் அவ்வளவுதான் தெரியும். பனிக்கரடியை எடுத்துக்கொள்வோம். அதன் மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் படித்தவர்கள், அது பழுப்புக்கரடிக் கூட்டத்துக்குள்ளேயே முளைத்த சிறு கிளை என்றார்கள். அலாஸ்காவின் அட்மிரால்ட்டி, பாரனோஃப், சிச்சகோஃப் தீவுகளில் வாழும் பழுப்புக்கரடிகள் மற்றப் பழுப்புக்கரடிகளைவிடப் பனிக்கரடிக்கே நெருக்கம் என்றும், பிரிவு நடந்து ஒன்றரை லட்சம் ஆண்டுதான் ஆகிறது என்றும் கணக்குப் போட்டார்கள். 2012இல் உட்கருவின் பல மரபணுக்களைப் படித்தபோது கதை மாறியது. பனிக்கரடி தனி வம்சம், பிரிந்து ஏறக்குறைய 6 லட்சம் ஆண்டு ஆகிறது என்றது அந்த ஆய்வு. நடுவில் இரண்டும் கலந்திருக்கின்றன. கலப்பில் கைமாறிய தாய்வழித் துண்டு ஒன்றைப் பார்த்துவிட்டு வம்ச வரலாறே எழுதிவிட்டோம். பனிக்கரடியை நாம் நேரில் அறிவோம். நிறம், பல், உணவு, நீச்சல் எல்லாம் தெரியும். அதனால் பிழையைக் கண்டுகொண்டோம். அரிசிமணி அளவுகூட இல்லாத ஒரு குளவி விஷயத்தில், உடற்பண்பு எதையும் எழுதி வைக்காத நிலையில், இதே பிழையை யார் கண்டுபிடிப்பது?

பூச்சிகளிடம் இன்னொரு தொல்லை உண்டு. வோல்பாக்கியா என்ற பாக்டீரியா பூச்சி செல்லுக்குள் குடியிருந்து, முட்டை வழியாகத் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது. தொற்றுள்ள ஆண், தொற்றில்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பிழைக்காது. தொற்றுள்ள பெண்ணுக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே தொற்றுள்ள தாய்களின் வழி பெருகுகிறது, அவர்களது மைட்டோகாண்ட்ரியாவும் அதே தோணியில் ஏறிப் பரவுகிறது. இனங்கள் கலக்கும்போது அந்தத் தோணி இன எல்லையையும் தாண்டும். அப்போது இரண்டு இனங்கள் ஒரே பார்கோடோடு நிற்கும். வேறு தொற்று உள்ள இரு கூட்டங்கள் ஒரே இனமாக இருந்தும் இரண்டு பார்கோடு காட்டும். போதாததற்கு, மைட்டோகாண்ட்ரியத் துண்டுகளின் பழைய பிரதிகள் உட்கருவுக்குள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. இவை தவறிப் பெருக்கப்படும்போது இல்லாத இனங்களெல்லாம் முளைக்கின்றன என்று வெட்டுக்கிளியிலும் நன்னீர்ச் சிங்கி இறாலிலும் 2008இலேயே காட்டிவிட்டார்கள்.

விக்டோரியா ஏரிக்குப் போனால் நிலைமை தலைகீழ். அந்த ஏரி சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் வற்றிக் கிடந்தது. மீண்டும் நிறைந்தபின் ஏறக்குறைய 500 சிக்லிட் மீனினங்கள் அங்கே உருவாகியிருக்கின்றன. சிவப்பு ஆணை ஒரு பெண் தேர்கிறது, நீல ஆணை இன்னொன்று தேர்கிறது. தண்ணீர் கலங்கி நிறம் தெரியாமல் போகும் இடத்தில் இனங்களே கலந்துபோகின்றன. தாடை ஒன்றுக்கு ஒன்று வேறு, இரை வேறு, ஆழம் வேறு. பார்கோடுக்கோ இவை பெரும்பாலும் ஒரே மீன். உயிர்ப் பன்மையின் மிக அழகான வெடிப்பைப் பார்த்து, இங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லும் கருவியை எல்லைக்கல் நட அழைக்கலாமா?

தாவரங்களுக்கு இந்த மரபணு பயன்படவே இல்லை, அவற்றில் அது மிக மெதுவாக மாறுவது. 2009இல் பசுங்கணிகத்தின் இரண்டு துண்டுகளைச் சேர்த்துத் தாவரப் பார்கோடாக ஏற்றார்கள். சோதித்த சிற்றினங்களில் 72 விழுக்காட்டை அது பிரித்துக் காட்டியது. நூற்றுக்கு இருபத்தெட்டைப் பிரிக்க முடியாத கருவி என்பதை அதை உருவாக்கியவர்களே மறைக்கவில்லை. பின்னால் வந்த பக்தர்கள்தான் மறந்தார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வு மாணவர் என்னிடம் வந்தார். கையில் ஆய்வகத்திலிருந்து வந்த பார்கோடு முடிவுத் தாள். கிலுகிலுப்பைப் பேரினம், நான்கு சிற்றினப் பெயர்கள், நான்குக்கும் ஒரே மதிப்பெண். "இதுல எதுன்னு எடுத்துக்கறது சார்?" என்றார். பூ எப்படி இருந்தது, நெற்று மயிரோடு இருந்ததா வழவழப்பா என்று கேட்டேன். "பூ எடுக்கலை சார், இலை போதும்னு சொன்னாங்க." பூக்கும் வரை காத்திருந்தோம். பிறகு அருட்தந்தை கே.எம். மேத்யூவின் 'தமிழகக் கர்நாடகத் தாவரங்கள்' தொகுதியை விரித்து, அதில் உள்ள இனங்காண் திறவுகோலின்படி மாணவர் ஒவ்வொரு கேள்விக்கும் விடை சொல்லிக்கொண்டே போனார். இலைச்செதில் உண்டா இல்லையா, புல்லி இதழைவிட நீளமா குட்டையா. ஒரு கைலென்சு, ஒரு மாலை நேரம். விடை வந்ததைவிட முக்கியம், அந்தச் செடியை அவர் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார். அந்த நான்கு பெயர்களும் தரவுத்தளத்துக்குள் எப்படி வந்தன என்று நினைத்துப் பாருங்கள். யாரோ ஒருவர் பூவைப் பார்த்துப் பெயர் சொன்னபிறகுதான் அதன் எழுத்துவரிசை அங்கே ஏறியது. அவர் தவறாகச் சொல்லியிருந்தால் எந்திரமும் காலமெல்லாம் அதே தவறைச் சொல்லும்.

விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பின் 13ஆம் பிரிவு, புதுப் பெயரோடு அந்த இனத்தைப் பிரித்தறியும் பண்புகளைச் சொற்களில் கூறும் விளக்கம் வேண்டும் என்கிறது. 'சொற்களில்' என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். சொற்களில் எழுதினால்தான் இன்னொருவர் மறுக்க முடியும். "நடுக்கால் மஞ்சள் என்கிறீர்கள், என்னிடம் உள்ளதில் கறுப்பு, மற்றதெல்லாம் பொருந்துகிறது" என்று குமரியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஒருவர் எழுத முடியும். 658 எழுத்தை அப்படியே அச்சிட்டு, அவற்றில் எந்த எழுத்து எந்த இடத்தில் நின்று இந்த இனத்தைப் பிரிக்கிறது என்று சொல்லாமல் விட்டால், மறுப்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு நுனியும் இல்லை. ஒத்த பார்கோடுகளைக் கூட்டமாக்கித் தரவுத்தளம் தரும் எண்ணும் நிலையானது கிடையாது. புதிய மாதிரிகள் சேரச் சேரக் கூட்டங்கள் பிரியும், ஒன்றாகும். கணிப்பு முறையை மாற்றினால் எண்ணிக்கையும் மாறும். நாளை கலையக்கூடிய கூட்டத்துக்கு இன்று லத்தீன் பெயர் வைத்து, அதைக் கண்டுபிடிப்பு என்று அறிவிப்பதை அறிவியல் என்று என்னால் ஏற்க முடியவில்லை. விசாரணை இல்லாத தீர்ப்பு அது.

விசாரணை எப்படி இருக்கும் என்பதற்கு நம் மலையிலேயே உதாரணம் உண்டு. 2003இல் இடுக்கி மலைகளிலிருந்து அறிவிக்கப்பட்ட ஊதாத் தவளையை உலகமே கொண்டாடியது. அதன் உடன்பிறப்பு ஒன்று திருவில்லிபுத்தூர்ப் பக்கத்து மலைச்சரிவில் கிடைத்தது. 2017இல் அதற்கு நாசிகாபட்ராகஸ் பூபதி என்று பெயர் வைத்தார்கள், களத்தில் இறந்துபோன கோவை ஊர்வன ஆய்வாளர் பூபதியின் நினைவாக. மைட்டோகாண்ட்ரிய மரபணு ஒன்றில் 6 விழுக்காடு வேறுபாடு இருந்தது. அவர்கள் அதோடு எழுந்து போய்விடவில்லை. உடலை ஊடுகதிர்ப் படமெடுத்து முதுகெலும்பு வேறுபடுவதைக் கண்டார்கள். ஆண் தவளையின் அழைப்பைப் பதிவு செய்து ஒப்பிட்டார்கள். மேற்குச் சரிவுத் தவளை தென்மேற்குப் பருவமழையில் இனம்பெருக்க, கிழக்குச் சரிவுத் தவளை ஐப்பசி கார்த்திகை மழைக்குக் காத்திருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதினார்கள். இதைப் படிக்கும் ஒரு வனக்காவலர், வடகிழக்குப் பருவத்தில் ஓடையோரம் குரல் கேட்டால் எதைக் கேட்கிறோம் என்று அறிவார். மரபணு அங்கே நான்கு சாட்சிகளில் ஒன்றாக நிற்கிறது. அதுதான் அதன் இடம்.

நேரமில்லை என்கிறார்கள். குவானகாஸ்டேயிலோ, ஜான்சனும் ஹால்வாக்சும் உட்பட அந்த 403 குளவிகளை அறிவித்தவர்களே நாற்பது ஆண்டுக்கு மேலாகப் புழு வளர்த்திருக்கிறார்கள். எந்தச் செடி, எந்தப் புழு, எந்த நாள், எந்தக் குளவி என்று லட்சக்கணக்கில் பதிவுகள். பூச்சியியலில் அதற்கு ஈடான உழைப்பைக் காண்பது அரிது, அந்த உழைப்பை நான் வணங்குகிறேன். அதனால்தான் ஆற்றாமை கூடுகிறது. இரண்டாவது சாட்சியைக் கையில் வைத்திருந்தவர்கள் அதை அடிக்குறிப்புபோல நிறுத்திவிட்டு, எல்லை வகுக்கும் பொறுப்பை 658 எழுத்திடம் கொடுத்தார்கள். வகைப்பாட்டாளர்கள் குறைவு என்பது உண்மை. நேரமில்லை என்று சொல்லிச் சொல்லியே அவர்களுக்கு வேலை இல்லாமல் செய்கிறோம், மாணவர்கள் அந்தப் பக்கம் வராமல் செய்கிறோம், பிறகு ஆளில்லை என்பதையே எந்திரத்துக்கு ஆதாரமாகக் காட்டுகிறோம்.

அந்த 403 இனங்களின் மாதிரிகள் அருங்காட்சியகப் பெட்டிகளில் ஊசி குத்திச் சீட்டோடு பத்திரமாக இருக்கின்றன. ஒவ்வொன்றையும் எடுத்து லென்சின் கீழ் வைத்து, அடுத்ததோடு ஒப்பிட்டு, கால் எப்படி, நரம்பு எப்படி, முட்டையிடும் ஊசி எவ்வளவு நீளம் என்று எழுதும் வேலை இன்னும் பாக்கியிருக்கிறது.