ராஜா இல்லாத கட்டியங்காரன்

சிரிப்பைப் பற்றி எழுதுவது நமது சிறுபத்திரிகைச் சூழலில் கொஞ்சம் கௌரவக் குறைச்சலான காரியம். எழுதினாலும் பக்தினைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் எழுதுவோம். 'கலகச் சிரிப்பு', 'விளிம்பின் எள்ளல்' என்று பெயர் வைத்துவிட்டால் போதும், சிரித்தவர்கள் யார், யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று கேட்கிற தொல்லை இல்லை. இந்தக் கட்டுரையையும் அப்படித்தான் தொடங்கியிருப்பேன். கெடுத்தது ஒரு பையன்.

திருவண்ணாமலையில் ஒரு சின்ன மண்டபம். நண்பர்கள் கூடி நடத்திய நிகழ்ச்சி. கவிதை வாசிப்பு, பறையாட்டம், ஒரு குறும்படம், நடுவில் பத்து நிமிஷம் 'ஸ்டாண்ட்-அப் காமெடி'. செய்யாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்தான். இருபத்திரண்டு வயசிருக்கும். மைக்கை ஸ்டாண்டிலிருந்து உருவினான், ஸ்டாண்டைத் தூக்கிப் பின்னால் வைத்தான் (யூடியூபில் பார்த்துக் கற்றது), ஆரம்பித்தான். அம்மாவுக்கு ஸ்மார்ட்போன் பிடிக்கத் தெரியாதது பற்றி ஒன்று. கல்யாணமே ஆகாதவன் சொல்கிற பொண்டாட்டி ஜோக்கு ஒன்று. ஓட்டலில் பரிமாறுகிற வடமாநிலப் பையன் பேசும் தமிழ் பற்றி ஒன்று. மூன்றாவதுக்குத்தான் கொஞ்சம் சிரிப்பு வந்தது. சிரித்தவர்களில் நானும் ஒருவன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். மற்றபடி பத்து நிமிஷமும் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது.

முடிந்தபிறகு டீக்கடையில் கேட்டான்: "அண்ணே, எங்க தப்பு பண்றேன்? எப்பிடி இம்ப்ரூவ் பண்றது?"

ஆளாளுக்குச் சொன்னோம். ஜோக்கின் திருப்பம் கடைசி வார்த்தையில் இருக்கணும், அதற்கப்புறம் விளக்கம் சொல்லக் கூடாது. சிரிப்பு எழும்போது அடுத்த வரியைப் போட்டு அதை அமுக்காதே, அலை இறங்கும்வரை வாயை மூடிக்கொண்டு நில். உன் குரலைப் பதிவு பண்ணிக் கேள், எந்த நொடியில் சிரித்தார்கள், எந்த நொடியில் செல்போனை எடுத்தார்கள் என்று குறித்து வை. புதுசு புதுசாக எழுதாதே, அதே ஐந்து நிமிஷத்தை ஐம்பது இடத்தில் சொல்லிப் பார். சென்னை, பெங்களூரில் 'ஓபன் மைக்' என்று புதிதாக வருகிறவர்களை ஏற்றிவிடுகிற மேடைகளில் இதைத்தான் செய்கிறார்கள். எல்லாமே சரியான யோசனைகள். தொழில் தெரியாத கலகத்தை யாரும் உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள், ஆகவே இவற்றைக் கிண்டல் பண்ண எனக்கு உத்தேசமில்லை. ஆனால் அவன் மேடையில் தோற்றதற்கு இவை காரணமில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

உறைக்கவைத்தவர் ஒரு கூத்துக்காரர். பையனை அவரிடம் கூட்டிப்போனது நான்தான், அதுவும் ஏதோ 'மரபோடு உரையாடல்' என்கிற நினைப்பில். முப்பது வருஷத்துக்கு மேல் கட்டியங்காரன் வேஷம் கட்டியவர். இந்த மாவட்டத்தில் கூத்துக்காரரைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1989இல் வட ஆர்க்காடு மாவட்டத்தைப் பிரித்தபோது செய்யாறு, ஆரணி, வந்தவாசிப் பக்கத்துக் கூத்துக் களரிகள் திருவண்ணாமலையோடு வந்தன. கண்ணப்பத் தம்பிரானின் புரிசை இங்கேதான். ந. முத்துசாமியும் கூத்துப்பட்டறையும் நவீன நாடகத்துக்கான உடல்மொழியைத் தேடி வந்ததும் அந்தப் புரிசைக்குத்தான். ஆனால் வந்தவர்களின் கண் பெரும்பாலும் ராஜா வேஷத்தின்மேல் இருந்தது. புஜக்கட்டை, கிரீடம், அடவு, கிறுகி. கட்டை கட்டாத, குல்லாயும் தொளதொள சட்டையுமாக வருகிற கட்டியங்காரனை 'சூத்திரதாரி' என்ற ஒரு வார்த்தைக்குள் அடைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனவர்கள் அதிகம்.

பையன் தன் ஐந்து நிமிஷத்தை அவர் முன்னால் சொல்லிக் காட்டினான். பெரியவர் சிரிக்கவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கேட்டார்:

"எதிர்ல யாரு?"

"எதிர்லன்னா... ஆடியன்ஸ் தாத்தா."

"ஜனம் இருக்கட்டும்ப்பா. மேடையில ஒன் எதிர்ல யாரு? நான் ஒண்ணு சொன்னா அது ஜோக்கு இல்ல. நான் சொல்லி, துரியோதனன் மொறைச்சான் பாரு, அப்பத்தான் ஜோக்கு. ராஜா சிரிச்சிட்டான்னா கத முடிஞ்சிது."

தொழில்நுட்பமாகவே இதைப் பார்க்கலாம். களரி கட்டி முடிந்து கட்டியங்காரன் உள்ளே வரும்போது அவன் தனி ஆள் இல்லை. பின்பாட்டுக்காரர்கள் அவன் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறார்கள், குறுக்கே கேள்வி கேட்கிறார்கள். ஜோக்கு விழவில்லையென்றால் மத்தளக்காரர் ஒரு தட்டுத் தட்டி அந்த இடத்தை மூடிவிடுகிறார். முகவீணை கேலியாக ஒரு இழுப்பு இழுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, திரைக்குப் பின்னால் ராஜா நிற்கிறான். தன் பெருமையைப் பாட்டாகப் பாடிக்கொண்டு வருகிறவனை வழிமறித்து, நீ யாரப்பா, எந்த ஊர், இந்த நேரத்தில் எதற்கு இவ்வளவு சத்தம் என்று இன்றைய பேச்சுத் தமிழில் கேட்கிறான் கட்டியங்காரன். ராஜா செய்யுள் நடையை விட்டு இறங்குவதில்லை. இரண்டு தமிழும் உரசுகிற இடத்தில் சிரிப்பு பற்றிக்கொள்கிறது. கட்டியம் என்பது கோயிலிலும் அரண்மனையிலும் பெரியவர்களின் பெருமையை உரக்கக் கூறி அறிவிப்பது. அந்த வேலைக்கென்று நிற்பவன் அறிவித்துக்கொண்டே காலை வாருகிறான்.

மதுரைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் தனியாக வந்து நெடுநேரம் பேசுவார். இந்தப் பேச்சை சூசன் சைசர் 2005இல் வெளிவந்த தன் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஸ்டாண்ட்-அப்புக்கு நம்மிடம் உள்ள மிக நெருங்கிய உறவு அதுதான். அங்கேயும் ஆர்மோனியக்காரர் பக்கத்திலிருந்து பதில் கொடுத்துக்கொண்டிருப்பார்.

இனி நம் பையனின் மேடை. ஒரு மைக், ஒரு விளக்கு, பின்னால் ஒரு திரை. பின்பாட்டு இல்லை, மத்தளம் இல்லை, ராஜா இல்லை. ஆனால் ஜோக்குக்கு ஒரு எதிராள் வேண்டுமே. தன் உயரத்துக்கு மேலே யாரும் கண்ணில் படாததால் கீழே தேடுகிறான். அம்மா கிடைக்கிறாள், பொண்டாட்டி கிடைக்கிறாள், வடமாநிலத் தொழிலாளி கிடைக்கிறான். இவர்கள் யாரும் முறைக்கப் போவதில்லை, ஏனென்றால் யாரும் அங்கே இல்லை. முறைப்பு இல்லாததால் சிரிப்பும் பலவீனமாக வருகிறது. சொல்கிறவனின் அரசியல் பிழையும் தொழில் பிழையும் இங்கே ஒரே பிழையாக இருப்பதைத்தான் நாங்கள் டீக்கடையில் கவனிக்கத் தவறினோம்.

இந்தப் பழக்கம் அவனாகக் கண்டுபிடித்தது இல்லை. 2005இல் விஜய் டிவியில் 'கலக்கப்போவது யாரு' வந்தது. சன் டிவி அதைத் தொடர்ந்து 'அசத்தப்போவது யாரு' என்றது. சும்மா சொல்லக் கூடாது, கிராமத்துக் கல்லூரிப் பையன்களுக்கு ஒரு மேடை கிடைத்தது அங்கேதான். ஆனால் அந்த மேடையில் ராஜாவின் இடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரிப்பதற்கென்றே அமர்த்தப்பட்ட நடுவர்கள். ராஜா சிரித்துவிட்டால் கதை முடிந்தது என்று பெரியவர் சொன்னதை இங்கே பொருத்திப் பார்க்கலாம். சென்னையில் ஈவம் போன்ற குழுக்கள் வளர்த்த ஆங்கில-தமிழ் மேடை வேறு மாதிரி. அங்கே நடுத்தர வர்க்கம் தன்னைத்தானே கிண்டல் செய்துகொண்டு தன்னைத்தானே மன்னித்தும் கொள்கிறது. அலெக்சாண்டர் பாபுவின் 'அலெக்ஸ் இன் ஒண்டர்லேண்ட்' (2019) எனக்குப் பிடித்திருந்ததற்கு ஒரு காரணம், அதில் சினிமாப் பாட்டு அவருக்குப் பின்பாட்டாக இருந்தது. மனுஷன் தனியாக நிற்கவில்லை.

சரி, கட்டியங்காரனைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ளலாமா? நம் நண்பர்கள் உடனே வைத்துக்கொள்வார்கள். அவர்களோடு இங்கே முரண்படுகிறேன். விடிய விடிய உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், நடுச்சாமத்தில் கூட்டம் கண்ணயரும்போது கட்டியங்காரன் கையில் எடுப்பது பெரும்பாலும் பெண்களைப் பற்றிய இரட்டை அர்த்தமும், வண்ணார், குறவர் போன்ற சாதிகளைப் பற்றிய கேலியும்தான். துரியோதனனை அவன் கிண்டல் பண்ணலாம், துரியோதனன் செத்துப் பல யுகமாயிற்று. கூத்து விட்ட நாட்டாமையை, கோயில் தர்மகர்த்தாவைப் பண்ண முடியாது. பண்ணுவதில்லை. மாறாக, ஆட்டத்தை நிறுத்திவிட்டு "இன்னார் நூத்தியொரு ரூபாய் அன்பளிப்பு" என்று அவர்கள் பெயரைச் சொல்லி வாழ்த்துவதும் களரியில் நடக்கிறது. அந்த நேரத்தில் கட்டியம் அதன் பழைய அர்த்தத்துக்கே திரும்பிப் போய்விடுகிறது. திரௌபதி அம்மன் விழாவில் யார் எங்கே உட்கார்ந்து பார்க்கலாம், யார் அரிதாரம் பூசலாம் என்பதை ஊர்-சேரிப் பிரிவினைதான் நெடுங்காலம் தீர்மானித்தது. பெண்கள் வேஷம் கட்டுவதற்கு பெ. ராஜகோபாலும் ஹன்னெ டி புருய்னும் காஞ்சிபுரம் அருகே நடத்திய கட்டைக்கூத்து குருகுலம் மாதிரி ஒன்று வரவேண்டியிருந்தது. அனுமதிக்கப்பட்ட கலகம் என்று பக்தினை விமர்சித்தவர்கள் சொன்னது இங்கேயும் பொருந்தத்தான் செய்கிறது.

உயிரோடிருக்கும் ராஜாவை எதிரே நிறுத்தியவர்கள் நம்மிடம் இருந்தார்கள். 'நல்லதம்பி' (1949) படத்தில் என்.எஸ். கிருஷ்ணன் நந்தனாரைக் கிந்தனாராக்கி, சிதம்பரத்துக்குப் பதில் படிப்பை நோக்கி அனுப்பியதைச் சொல்லலாம். எம்.ஆர். ராதா அன்றைய பேப்பரில் வந்த செய்தியை அன்றைய ராத்திரியே மேடையில் இழுத்துவிடுவார். அவரை மனதில் வைத்துக் கொண்டுவரப்பட்டதாகவே பேசப்படும் 1954ஆம் வருஷத்து நாடக நிகழ்ச்சிச் சட்டம், நாடகத்தின் எழுத்துப் பிரதியை முன்கூட்டியே கேட்கிற அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. எழுதாமல் பேசுகிறவன்மேல் அரசுக்கு உள்ள பயம் அது. ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதன் பிரிவுகளைச் செல்லாது என்றது.

சட்டம் போனது, ராஜா போகவில்லை. 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் முனவ்வர் ஃபரூக்கியை மேடையிலிருந்து கொண்டுபோய் ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் வைத்தார்கள். 2025 மார்ச்சில், மகாராஷ்டிர துணை முதல்வரைக் கிண்டல் செய்ததற்காக, குணால் கம்ரா பேசிய மும்பை அரங்கை அடித்து நொறுக்கினார்கள். அவருக்கு இடைக்கால முன்ஜாமீன் கொடுத்தது சென்னை உயர் நீதிமன்றம், அவர் விழுப்புரம் மாவட்டவாசி என்கிற அடிப்படையில். நம் பக்கத்து மாவட்டம். கூத்து நாட்டுக்குள் வந்து குடியேறிய ஒரு கட்டியங்காரன் என்று நண்பர் ஒருவர் சொன்னார், நல்லாத்தான் இருந்தது.

ஆக ராஜா இருக்கிறான். மேடைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான். அவனை மேலே ஏற்றுவது எப்படி என்பதுதான் பையனுக்கு முன்னாலிருந்த தொழில் பிரச்னை.

இரண்டு மாதம் கழித்து ஆரணியில் ஒரு சின்னக் கூட்டத்தில் மறுபடி நின்றான். இந்த முறை மைக்குக்கு எதிரே ஒரு காலி நாற்காலி. அதன் முதுகில் ஒரு வெள்ளைத் துண்டை மடித்துப் போட்டான். அதிகாரி நாற்காலி என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அவன் வாயைத் திறக்கும் முன்னாலேயே சிரிப்பு. பிறகு நாற்காலிக்குக் கட்டியம் சொன்னான். தொழில் வளர்த்த கோமான், ஏரியைத் தரிசென்று எழுதிய எழுத்தாணி, முப்போக நிலத்தை முள்ளுக்காடாய்க் கண்ட ஞானக்கண் என்று மூச்சுவிடாமல் போய், டக்கென்று நிறுத்தினான். நாற்காலியைப் பார்த்தான். நாற்காலி பேசாமல் இருந்தது. அந்த மௌனத்தை அவன் காத்திருந்து முழுசாக வாங்கினான், முதல் மேடையில் அவனுக்கு வராத காரியம்.

அடுத்து மேல்மா. 2023இல் செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்கு மூவாயிரம் ஏக்கருக்கு மேல் எடுப்பதை எதிர்த்த விவசாயிகளில் ஏழு பேர்மீது அந்த நவம்பரில் குண்டர் சட்டம் போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் ஆறு பேர்மீது போட்டதை அரசே திரும்பப் பெற்றது. பையன் சொன்னான்: "எங்க பக்கம் பட்டாக்கத்தி வெச்சிருக்கறவன் வெளிய சுத்தறான். வெறும் பட்டா வெச்சிருந்தவர உள்ள தூக்கிப் போட்டாங்க. ஏன்னு கேட்டா, ஆயுதம் பெருசாம்."

அந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. பின்வரிசையில் ஒரு அம்மா சிரிக்காமல் கைதட்டியதைப் பார்த்தேன். மிச்சம் இருந்த மூன்று நிமிஷத்தில் பையன் பயந்து மறுபடி அம்மாவின் ஸ்மார்ட்போனுக்கே திரும்பிப் போனான், கூட்டம் தொய்ந்தது. அவனுக்கும் அது தெரிந்தது.

யாரோ வீடியோ எடுத்திருந்தார்கள். "யூடியூப்ல போட்டுடலாமா அண்ணே?" என்று கேட்டான். போடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் ஊரிலிருந்து போலீஸ் ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கலகச் சிரிப்பு பற்றி நான் எழுதியவை எல்லாம் அந்த நேரத்தில் ஞாபகம் வந்து தொலைத்தது.

வீடியோ இன்னும் அவன் போனில்தான் இருக்கிறது. வருகிற சித்திரையில் அவன் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் கூத்துக்குப் பெரியவரின் குழு போகிறது. ராத்திரி ரெண்டு மணிக்கு மேல் அரை மணி நேரம் கட்டியங்காரனாகத் தன்னை நிற்கவிடும்படி பையன் கேட்டிருக்கிறான். பெரியவர் சரி என்றுவிட்டார். கோயில்காரர்கள்தான் ஒரு விவரம் கேட்டு அனுப்பியிருக்கிறார்கள், பையன் எந்தத் தெரு என்று.