தன்னை எள்ளும் நகை: கேரி ஃபிஷரின் முதல் நாவல்

முன்னுரை

திரைப்புகழ் பெற்றோர் எழுதும் நாவல்களைத் திறனாய்வுலகம் பெரும்பாலும் ஐயத்தோடே அணுகுகிறது. அத்தகைய நூலை விற்பது எழுத்தன்று, அட்டையிலுள்ள பெயரே என்னும் எண்ணம் அதற்குக் காரணமாகும். இவ்வெண்ணம் பல நூல்களுக்குப் பொருந்தும். பொருந்தாத நூல்களுள் ஒன்று, அமெரிக்க நடிகை கேரி ஃபிஷர் 1987இல் வெளியிட்ட ‘போஸ்ட்கார்ட்ஸ் ஃப்ரம் தி எட்ஜ்’ என்னும் நகைச்சுவை நாவலாகும்.

1977இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தில் இளவரசி லேயாவாக நடித்து உலகப் புகழ் பெற்றவர் ஃபிஷர். பாடகர் எடி ஃபிஷருக்கும் நடிகை டெபி ரெனால்ட்ஸுக்கும் பிறந்தவர். போதைப் பழக்கத்திற்கு ஆளாகிச் சிகிச்சை பெற்றவர். நாவலின் தலைவி சூசான் வேலும் நடிகையே. அளவுக்கு மீறிப் போதைமருந்து உட்கொண்டு உயிர்பிழைத்து, மறுவாழ்வு மையத்தில் சேர்பவள். இவ்வொற்றுமையால் இந்நாவலை மாறுவேடமிட்ட தன்வரலாறாகவே வாசிப்பது எளிது. அவ்வாசிப்பு நாவலின் வடிவத்தைக் காணத் தவறுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இரு குரல்கள், இரு நகைகள்

சில அஞ்சலட்டைகளோடு தொடங்கும் நாவலின் முதற்பகுதியில் கதைசொல்லி இல்லை. சூசானின் நாட்குறிப்பும், கோக்கெய்ன் பழக்கத்திற்கு அடிமையான அலெக்ஸ் என்பவனின் மனவோட்டமும் மாறிமாறி வருகின்றன. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைக் கூறும். அலெக்ஸின் பகுதிகளில் பிறப்பது பேதைமை பற்றிய நகை. பழக்கம் தன் கட்டுக்குள் இருப்பதாக அவன் தன்னைத்தானே நம்பவைக்கிறான். நம்பவைக்கும்போதே மேலும் ஆழ்ந்துபோகிறான். அவன் அறியாததை வாசகர் அறிவதால் சிரிப்பு எழுகிறது.

சூசானிடம் பிறப்பது எள்ளல். எள்ளலைத் தான் பிறரை எள்ளுவது, பிறரால் தான் எள்ளப்படுவது என இருவகையாகப் பகுப்பர் உரையாசிரியராகிய பேராசிரியர். சூசானோ எள்ளுபவளும் எள்ளப்படுபவளும் தானே ஆகிறாள். தன் நிலையை அவள் முற்றும் அறிவாள். வேதனை வருமுன்பே அதனைப் பற்றிய நகைச்சுவையை ஆயத்தமாக வைத்திருக்கிறாள். ஆயினும், அறியாத அலெக்ஸும் அறிந்த சூசானும் இறுதியில் ஒரே மையத்தில்தான் இருக்கின்றனர். அறிவுக்கூர்மை ஒருவரைக் காப்பாற்றிவிடாது என்னும் கடுமையான உண்மையை ஃபிஷர் எவ்விடத்தும் வெளிப்படையாகக் கூறவில்லை. இரு குரல்களையும் அருகருகே வைப்பதன் மூலம் உணர்த்துகிறார். இந்நாவலின் ஆழம் ஈண்டே தொடங்குகிறது எனலாம்.

தன்மையிலிருந்து படர்க்கைக்கு

இரண்டாம் பகுதியில் சூசானும் திரைப்படத் தயாரிப்பாளர் ஜாக்கும் முதலில் உரையாடுகின்றனர். பின்னர் அவள் தன் மனநல ஆலோசகரிடமும், அவன் தன் வழக்கறிஞரிடமும் தனித்தனியே பேசுகின்றனர். காதலர் இருவரும் தம்முள் பேசவேண்டியவற்றைக் கட்டணம் பெற்றுக் கேட்போரிடம் பேசுவது அங்கதத்தின் உச்சமாகும்.

எஞ்சிய மூன்று பகுதிகளும் படர்க்கைக் கூற்றில் அமைகின்றன. இம்மாற்றம் தற்செயலானதன்று. அதுவரை தன்னைப் பற்றித் தானே தீர்ப்புரைத்து வந்தவள், இப்போது பிறர் நடுவே மற்றுமொரு மனிதராகக் காணப்படுகிறாள். படப்பிடிப்புத் தளத்தில் அவள் இயல்பாகத் தளர்ந்து நடிக்கவில்லை என்று குறைகூறுகின்றனர். போதையின்றி நடிக்க வந்தவளிடம் தளர்ந்திரு என்று கேட்கும் இக்காட்சியில் நகையும் துன்பமும் பிரிக்கவொண்ணாதவாறு கலந்துள்ளன.

குறைகளும் இல்லாமலில்லை. பிற்பகுதியின் விருந்துக் காட்சிகளில் பாத்திரங்கள் பலரும் சூசானைப் போலவே சாதுரியமாகப் பேசுகின்றனர்; எது எவர் குரல் எனப் பிரித்தறிவது கடினம். முதற்பகுதியின் இறுக்கம் பின்னர்த் தளர்ந்துவிடுகிறது.

ஆயினும் நாவலின் முடிவு அத்தளர்ச்சியை ஈடுசெய்கிறது. சூசானின் இரைப்பையைக் கழுவி அவளைக் காப்பாற்றிய மருத்துவர், அவளது நாட்குறிப்பின் தொடக்கத்தில் அவருக்குத் தொலைபேசி எண் கொடுத்ததைப் பற்றிய வேடிக்கைப் பேச்சில் மட்டுமே இடம்பெறுபவர். இறுதியில் அவருக்கே அவள் கடிதம் எழுதுகிறாள். அதிலும் நகை உண்டு, ஐயமும் உண்டு, முழு நலம் பெற்றுவிட்டதாக அறிவிப்பு இல்லை. தொடக்கத்தில் பிறரை நெருங்கவிடாத கேடயமாக இருந்த நகை, முடிவில் பிறரொருவரோடு பேசும் மொழியாகிறது.

திரைப்படமும் நாவலும்

மைக் நிக்கல்ஸ் இயக்கத்தில் 1990இல் வெளிவந்த திரைப்படத்திற்கு ஃபிஷரே திரைக்கதை எழுதினார். மெரில் ஸ்ட்ரீப், ஷர்லி மெக்லேன் நடித்த அப்படம் தாய்க்கும் மகளுக்கும் இடையிலான போராட்டத்தை மையமாக்கியது. நாவலில் தாய் பெறும் இடம் சிறிது. அலெக்ஸின் குரலோ நாவலுக்கே உரியது. 2016 டிசம்பர் 27இல் ஃபிஷரும் மறுநாள் அவர் தாயும் மறைந்தபின், தாய்–மகள் கதையாகவே இந்நூல் நினைவுகூரப்படுவது இயல்பே. ஆனால் அது திரைப்படத்தின் கதை என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

முடிவுரை

நோக்குநிலை மாற்றத்தை உத்தி எனக் கற்பிப்பதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். அம்மாற்றமே பாத்திரத்தின் நலம்பெறுதலாக அமையக்கூடும் என்பதற்கு இந்நாவல் நல்ல சான்றாகும். ஆசிரியரின் புகழ் இந்நூலுக்கு வாசகர்களைத் தேடித் தந்தது. அப்புகழை ஒதுக்கிவைத்து வாசிப்போருக்கே அதன் ஆழம் புலனாகும்.